அந்தப் ‘பாவம்’ எதற்கு?

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம். சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

பத்தலகுண்டிலிருந்து கொழுந்தனார் வந்திருந்தார். எங்கள் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் மூன்று நாளாக விடாத மழை. எங்கேயும் வெளியே கூட்டிப்போக முடியாமல் அவரை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டோம். பழைய பாட்டு போடும் சேனலில் ‘ரோஜா மலரே ராஜகுமாரி’ ஓடியது.

“யாரு மதினி இந்தப் பொண்ணு? லட்சணமா இருக்கு.”

“சச்சு.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “நாடகத்துல பாட்டியா வந்து சிரிக்க வைப்பாங்களே, அவங்களா? பாவம். எப்படி இருந்தவங்க!”

அந்தப் ‘பாவம்’தான் என்னைக் குத்தியது. அடுப்பில் பால் வைத்திருந்ததால் அப்போது முழுசாகச் சொல்ல முடியாமல் போனதை இப்போது சொல்கிறேன்.

சச்சு சினிமாவுக்கு வந்தது 1952இல், ‘ராணி’ படத்தில். அப்போது வயது நாலு. நாலு வயதில் நம் வீட்டுப் பிள்ளைகளை பால்வாடியில் அழாமல் உட்கார வைப்பதே பெரிய காரியம். ‘மாயா பஜார்’ படத்தில் சாவித்திரியின் சிறுவயது வேடத்தில் வருவதும் இவர்தான். அப்புறம் 1962இல் ‘வீரத்திருமகன்’, ஆனந்தனுக்கு ஜோடி. கொழுந்தனார் பார்த்த பாட்டு அதில்தான். குழந்தை நட்சத்திரம் கதாநாயகி ஆகிவிட்டார், நம் ஊர்க் கணக்குப்படி கதை சுபம்.

ஆனால் இரண்டே வருஷத்தில், 1964இல், ‘காதலிக்க நேரமில்லை’ வருகிறது. அதில் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் கதாநாயகிகள். சச்சு நாகேஷுக்கு ஜோடி. சொந்தமாகப் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா (நாகேஷ்), எஸ்டேட் மேனேஜர் மகள் மீனாவை (சச்சு)த் தன் படத்துக்குக் கதாநாயகி ஆக்குகிறான். இந்த வேடிக்கையைக் கவனியுங்கள். நிஜமாகவே கதாநாயகியாக நடித்து முடித்த பெண், எடுக்கவே போகாத ஒரு படத்துக்குக் கதாநாயகி ஆக ஆசைப்படும் பெண்ணாக வந்து நம்மைச் சிரிக்க வைக்கிறார். தன் பழைய பட்டத்தையே கேலிக்கு எடுத்துக் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும். நாகேஷ் பக்கத்தில் நிற்பவர் காணாமல் போவதுதான் வழக்கம். இவர் காணாமல் போகவில்லை.

மனோரமா ஆச்சியின் வழி இதற்கு நேர் எதிர். 1958இல் நகைச்சுவைப் பாத்திரத்தில் வந்து, 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகி ஆனார். அதை ‘உயர்ந்தார்’ என்கிறோம். சச்சு போன பாதையை ‘இறங்கினார்’ என்கிறோம். இது ஏணியா என்ன, ஏறவும் இறங்கவும்?

கொடைக்கானல்காரியாக எனக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. எங்கள் ஊருக்கு ஷூட்டிங் புதிதல்ல. என் பெரியப்பா ரொம்ப வருஷம் யூனிட்டுகளுக்கு ஜீப் ஓட்டியவர். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் பின்னாலேயே ஓடி, தூண் பாறைப் பக்கமும் ஏரிக்கரையிலும் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஹீரோவுக்கு ஸ்வெட்டர், மஃப்ளர். கதாநாயகிக்கு மெல்லிசாக ஒரு சேலை. டைரக்டர் கட் சொன்னதும் ஒரு அம்மா ஓடிவந்து சால்வையைப் போர்த்துவார். உதடு நீலம் பாரித்திருக்கும், அடுத்த ஷாட்டில் மறுபடி சிரிக்க வேண்டும். அந்தப் பெண்களைப் பார்த்து நான் ‘பாவம்’ என்று சொல்லியிருக்கிறேன், மனசார. அதில் பல பேரை மூன்று நாலு படத்துக்கு மேல் பார்த்த ஞாபகம் இல்லை.

நகைச்சுவை நடிகைகள் மட்டும் மலையேறி வந்ததே இல்லை. வருவது டூயட் பாட்டுக்கு, அதில் அவர்களுக்கு என்ன வேலை? அவர்கள் எங்களிடம் வந்தது டிவி வழியாகத்தான். தூர்தர்ஷன் கோபுரம் வருவதற்கு முன்னால் இலங்கை டிவியான ரூபவாகினிக்காக ஓட்டு மேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தோம். கோபுரம் வந்தபிறகு தென் மாவட்டங்களுக்கே எங்கள் மலையிலிருந்துதான் படம் போனது. செவ்வாய்க்கிழமை நாடகத்தின்போது தெருவில் ஆள் இருக்காது. மதுரையில் ஒருத்தர் சிரித்தால் அது எங்கள் மலை வழியாகப் போன சிரிப்பு என்று எனக்கு அப்போது ஒரு பெருமை. சின்னப் பிள்ளை புத்திதான், ஆனாலும் முழுக்க விட்டுப் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிவி நகைச்சுவை லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தொடரைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும். ஒரே பங்களா, ஒரே சோபா, ஒரே மாடிப்படி. வசனத்தைக் காமிராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுப்பார், அதைக் காதில் வாங்கி, வாங்கியது தெரியாமல், முகபாவத்தோடு சொல்ல வேண்டும். சினிமா மாதிரி ஒரு ஷாட்டுக்கு அரை நாள் கிடைக்காது. சிரிப்பு ஒரு நொடி முந்தினாலும் செத்துவிடும், ஒரு நொடி பிந்தினாலும் செத்துவிடும். நாலு வயதிலிருந்து விளக்கு வெளிச்சத்தில் நின்றவருக்கு எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் உடம்பிலேயே இருக்கும். நாட்டியம் கற்றவர் வேறு. சச்சு வாயைத் திறக்கும் முன்னால் கண்ணை ஒரு சுற்று சுற்றுவாரே, அதற்கும் தாளம் உண்டு.

கதாநாயகி வேடத்துக்குக் காலக்கெடு உண்டு. குழந்தை நட்சத்திரத்துக்கு அதைவிடக் குறைவு, பல் விழுந்து முளைத்தாலே ஆபத்து. ஸ்ரீதேவி, மீனா மாதிரி சிலர் தாண்டிப் போனார்கள். குட்டி பத்மினி சின்னத்திரைக்கு வந்து தொடர்களைத் தயாரிக்கும் முதலாளியாகவே ஆனார். எத்தனையோ ‘பேபி’களின் பேரே நமக்கு மறந்துவிட்டது. நகைச்சுவையில் மட்டும்தான் மகள், தோழி, அம்மா, மாமியார், பாட்டி என்று ஒவ்வொரு வயதுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். சச்சு அந்த நாற்காலி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டார். 1952இலிருந்து எண்ணிப் பாருங்கள். அவரோடு கதாநாயகிகளாக இருந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த நீளம் வாய்த்தது?

தொடர்களில் எழுதிக் கொடுக்கும் நகைச்சுவை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பாதி குப்பை. குண்டாக இருப்பவரைக் கிண்டல், காது கேட்காதவரைக் கிண்டல், சிரிப்பு வராத இடத்தில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். நல்ல நடிகையின் கையில் வெறும் பாத்திரத்தைக் கொடுத்துப் பரிமாறச் சொல்லும் வேலை. பரிதாபம் வேண்டுமென்றால் அதற்குப் படுங்கள். அப்படிப்பட்ட வசனத்திலிருந்தும் ஒரு சிரிப்பை உருவி எடுப்பவரைப் பார்த்து அல்ல.

இதையெல்லாம் சுருக்கமாகக் கொழுந்தனாரிடம் சொன்னேன். “நான் என்ன தப்பாவா சொன்னேன்?” என்று காபியைக் குடித்தார். மூலையில் கம்பளிக்குள் முடங்கியிருந்த என் மாமியார் அதுவரை பாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யார் ஹீரோயின் என்ற கவலை என்றைக்கும் இருந்ததில்லை.

“ஏம்மா, இது நம்ம சச்சுதானே? எப்பச் சிரிக்க வைக்கும்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், சும்மா பாடிக்கிட்டே இருக்கு” என்றார்.