ஈரப்பத சென்சாரைக் குழியில் போட்டு மூடினால் போதுமா?

“குழி வெட்டி, ஈரப்பத சென்சாரைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடினால் போதும், அன்றே சரியான அளவு காட்டும்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

இப்போது புழங்கும் பல சென்சார்கள் ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. மண்ணின் மின்காப்பு மாறிலியைத்தான், அதாவது ஒரு பொருள் மின்புலத்தில் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்று காட்டும் எண்ணைத்தான், அளக்கின்றன. நீருக்கு அது சுமார் 80, காற்றுக்கு 1. அதனால் மண்ணில் செருகும் சென்சார் கம்பியை ஒட்டி நூலளவு இடைவெளி இருந்தாலே மண் காய்ந்துவிட்டதாகக் காட்டும். தண்ணீர் பாய்ச்சியதும் அதே இடுக்கில் நீர் தேங்கி, சேறு என்று காட்டும். பழி என்னவோ சென்சார்மேல்!

குழியின் பக்கச்சுவரில், கிளறாத மண்ணில், ஆட்டாமல் நேராகச் செருகுங்கள். கல் தட்டுப்பட்டால் சுத்தியலைத் தேட வேண்டாம். கொஞ்சம் தள்ளிக் குத்துங்கள். தோண்டிய மண்ணை அடுக்கடுக்காக, பழைய இறுக்கம் வரும்வரை அழுத்தி நிரப்புங்கள். ஓரிரு முறை நனைந்து காய்ந்து மண் படிந்த பிறகே அளவை நம்பலாம்.