கார்த்திகைக்கு அகலே ஏற்றுவோம்

கார்த்திகை வந்துவிட்டால் ‘உள்ளொளி’, ‘மன அமைதி’ என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் குவிகின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த அமைதிக்கு வழியை விளக்கே செய்முறையாகக் கற்றுத் தருகிறது என்பது என் கருத்து. அதனால்தான் வாசலில் பேட்டரி விளக்குகளை அடுக்கிவிட்டு உள்ளே போய் டிவி பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அகல் விளக்கு வேலை வாங்கும். மதுரைப் பக்கத்து விளாச்சேரியிலிருந்து வரும் புது அகலைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றுகிற எண்ணெயை மண்ணே குடித்துவிடும். அப்புறம் கவிழ்த்துக் காயவைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, திரியை எண்ணெயில் நனைத்து, நுனியை விரலால் முறுக்கிவிட வேண்டும். திரி வெளியே நீண்டால் புகையும், எண்ணெய்க்குள் மூழ்கினால் அணையும். ஏற்றிய பிறகும் எழுந்து போக முடியாது. மழைக்காலத்து ஈரக்காற்று சும்மா விடுமா? வாசல்படியிலேயே உட்கார்ந்து, எது மங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் குச்சியால் தூண்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் மனம் வேறெங்கும் ஓடுவதில்லை. எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல தியானம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கார்த்திகை விளக்கு பூஜையறையோடு நிற்பதில்லை, தெருவுக்கு வருகிறது. நம் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர் அகநானூறு 141ஆம் பாட்டில் இதைத்தான் காட்டுகிறார். மழை ஓய்ந்த வானம், முழுநிலாவோடு கார்த்திகை மீன்கள், தெருவெல்லாம் விளக்கு, மாலைகள், ஊரே கூடிய விழா. பொருள் தேடிப் போன தலைவன் அந்த விழாவுக்காவது வந்துவிட வேண்டும் என்று தலைவி ஏங்குகிறாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தேடும் வெளிச்சம் அந்தப் பாட்டில் எங்கும் இல்லை. மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றி லட்ச தீபம் எரியும்போதும் அப்படித்தான். எந்த விளக்கு யார் ஏற்றியது என்று எவரும் கேட்பதில்லை.

எங்கள் சந்தில் வண்டி நிறுத்தும் தகராறில் இரண்டு வீட்டாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. போன கார்த்திகையன்று காற்றில் ஒரு வீட்டுத் திண்ணை விளக்குகள் அணைந்துவிட்டன. எதிர்வீட்டு அக்கா தன் அகல் ஒன்றைக் கையால் மறைத்தபடி கொண்டுபோய், எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வந்தார். அதன் பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. வண்டிச் சண்டையும் தீரவில்லை. ஆனால் இருட்டாகக் கிடக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அமைதி என்று நான் நம்புவது இதைத்தான். சண்டையெல்லாம் தீர்ந்த பிறகுதான் அது வரும் என்று காத்திருந்தால், எந்தத் தெருவிலும் வராது.

இந்த வருடம் கொஞ்சமாகவாவது மண் அகல் வாங்குங்கள். பிள்ளைகளையும் திண்ணையில் உட்காரவைத்துத் திரி தூண்டப் பழக்குங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து வையுங்கள், பக்கத்து வீட்டு விளக்குக்கும் ஊற்ற வேண்டியிருக்கும்.