கட்டக் கட்டக் கரையாத கார்டு கடன்

மலேசியாவில் 5,000 வெள்ளி கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 5 விழுக்காடு, அதாவது 250 வெள்ளி கட்டினால் போதுமாம். யாருக்குப் போதும்? ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியென்றால் அதில் ஏறக்குறைய 75 வெள்ளியை வட்டியே விழுங்கிவிடுகிறது! இதில் கூத்து என்னவென்றால், 12 மாதமும் தவறாமல் கட்டினவருக்கு வட்டி 15, தடுமாறுகிறவன் தலையில்தான் 18. போதாததற்கு ஆண்டுதோறும் கார்டுக்கு 25 வெள்ளி சேவை வரி வேறு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மத்தியானம் வாழையிலை முன்னால் உட்கார்ந்து ரசத்தைப் பிசையும்போதுதான் போன் வரும்: "சார், உங்க கார்டு லிமிட்டைக் கூட்டித் தரட்டுமா?" எரிகிற வீட்டுக்கு எண்ணெய் கொண்டுவந்த மாதிரி! கடனை அடைக்க, மத்திய வங்கி அமைத்த ஏகேபிகே நிறுவனம் இலவசமாகவே ஆலோசனை தருகிறது. அங்கிருந்து மட்டும் ஒரு போன்கூட வருவதில்லை, நாமே தேடிப் போகணும்.