காட்டைப் பூட்டிவிட்டுப் பாண்டத்தைத் தேடுகிறோம்

இலங்கையின் பூர்வகுடிகளான வேடர்கள் வாழும் தம்பானைக்குச் சுற்றுலா போய்வரும் நம் ஆட்கள் ஒரே குறையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வேடர்களும் பிளாஸ்டிக் வாளிக்கு மாறிவிட்டார்கள், தேனைப் பழைய போத்தலில் ஊற்றி விற்கிறார்கள், பழைய பாண்டம் ஒன்றைக்கூடக் காணோம் என்று. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. செய்கிற கையைக் கட்டிப்போட்டது யார் என்று இவர்கள் ஏன் கேட்பதில்லை?

அவர்களிடம் என்னென்ன இருந்தது என்று கொஞ்சம் பாருங்கள். ரித்தி மரப்பட்டையில் பை செய்தார்கள். வேண்டிய நீளத்துக்கு மரத்துண்டை வெட்டி, சுற்றிலும் அடித்து அடித்துப் பட்டையைத் தளர்த்தி, காலுறையைக் கழற்றுவது போல முழுசாக உருவி எடுப்பார்கள். பக்கவாட்டில் தையலே கிடையாது, அடியை மட்டும் தைத்தால் போதும். மலைத்தேனீ கூடு கட்டுவது செங்குத்துப் பாறையில். கொடியில் செய்த ஏணியில் தொங்கிக்கொண்டு தேனடையை அறுப்பவருக்கு மண்பானை எதற்கு உதவும்? அதற்கு மான் தோலில் ஒரு பை. பாறையில் மோதினாலும் உடையாது, தேனும் ஒழுகாது. வேடர்களை ஆராய்ந்த செலிக்மன் தம்பதி 1911இல் வந்த தங்கள் நூலில் இந்தத் தோல் பாண்டத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், கண்டி ராஜ்ஜியத்தில் 19 வருடத்துக்கு மேல் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயக் கடலோடி ராபர்ட் நொக்ஸ் 1681இல் எழுதிவைத்தது இன்னும் வியப்பானது. மரத்தைக் குடைந்து, தேன் ஊற்றி, இறைச்சியால் நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்களாம். கஷ்ட காலத்துக்கான சேமிப்பு அது. மரமே அவர்களுக்குப் பாண்டம், காடே களஞ்சியம்.

சரி, அந்தக் காடு இப்போது யாரிடம் இருக்கிறது? 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. காலங்காலமாக வேட்டையாடித் தேனெடுத்த நிலத்துக்குள் அவர்கள் அனுமதியில்லாமல் கால் வைப்பதே குற்றமாகிவிட்டது. பல குடும்பங்களை ஹெனானிகல என்ற குடியேற்றத்துக்குக் கொண்டுபோய் வயல் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். வேடர் தலைவர் திசாஹாமியும் சில குடும்பங்களும்தான் போகமாட்டோம் என்று தம்பானையில் நின்றார்கள். பட்டை உரிக்க மரமில்லாதவன் பிளாஸ்டிக்கைத்தான் எடுப்பான்.

காட்டைத் திறந்துவிட்டால் அழிந்துவிடாதா என்று கேட்பீர்கள். மகாவலி ஆற்று நீர்ப்பாசனத் திட்டத்தின் நீர்த்தேக்கங்களுக்கும் வயல்களுக்கும் போன காட்டைக் கணக்கில் எடுத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அந்தத் திட்டத்தால் இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாகத்தான் பூங்காவே வந்தது. அரசாங்கம் வெட்டிய காட்டுக்கு வேடர்கள் ஈடு கட்டினார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். மான் வேட்டையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் பட்டையும் கொடியும் பிரம்பும் தேனும் எடுக்கிற உரிமை அவர்களுடையது. அதைச் சலுகையாகக் கூடப் பேசக்கூடாது.

இதை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இதன் ஒரு சின்னப் பங்கு நமக்கும் தெரியும். அவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள், நம்மைக் கூலிக்குக் கூட்டிவந்தார்கள். இரண்டும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடையை நினைத்துப் பாருங்கள். பறித்த பிறகும் கொழுந்து மூச்சுவிடும், சூடு கிளம்பும். காற்றுப் படாமல் அமுக்கிக் கட்டினால் சிவந்துபோகும். அது தெரிந்துதான் இடைவெளி விட்டுப் பின்னிய கூடை. தலையில் கயிறு மாட்டி முதுகில் சுமக்க அளவு பார்த்துப் பின்னியது. இப்போது எத்தனையோ மலைகளில் நைலோன் சாக்குத்தான்.

எங்கள் தாத்தா கூடை பின்னுவார். மூங்கிலைப் பிளந்து, சிம்பு சிம்பாகச் சீவி, வீட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பின்னுவார். கை தயாராக இருந்தது; மூங்கில்தான் அவருடையது இல்லை. ஓடைக்கரையில் சும்மா நிற்கிற மூங்கிலில் ஒன்றை வெட்டக் கங்காணியைப் பிடித்து, துரையிடம் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அப்புறம் அவர் பின்னுவதை விட்டுவிட்டார். என் அப்பாவுக்கு அந்த வேலை வரவில்லை, எனக்கும் வரவில்லை. அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நம்மவர்கள் இங்கே வந்து இருநூறு வருடம் என்று 2023இல் மலையகம் 200ஐ ஊர் ஊராகக் கொண்டாடினோம். அப்போதும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த பெரும்பாலானோர் பெயரில் ஒரு துண்டுக் காணி இல்லை. முழுக் காணியுரிமை கேட்டுப் போராடுவது போராடுவதாக இருக்கட்டும். அதுவரைக்கும் ஒன்று செய்யலாம்: தேயிலை வைக்காத ஓடைக்கரைகளில் மூங்கில் நட்டு, அதை வெட்டும் உரிமையை எழுத்தில் லயத்து மக்களுக்குக் கொடுங்கள். கரையும் சரியாது. பின்னத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சில தோட்டங்களில் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள்.