கணிப்பை நம்பி ஏமாந்தவை கட்சிகள்தான்: அயர்லாந்தில் நான் பார்த்த மூன்று தேர்தல்கள்

அயர்லாந்தில் தேர்தல் வாசனை அடிக்க ஆரம்பித்தால் போதும், வாராவாரம் ஏதாவது ஒரு பத்திரிகையில் கருத்துக்கணிப்பு வந்துவிடும். ஐரிஷ் டைம்ஸ் ஒன்று போடும், பிசினஸ் போஸ்ட் ஒன்று போடும், சண்டே இண்டிபெண்டன்ட் ஒன்று போடும். அப்புறம் இரண்டு நாளைக்கு வானொலியில் அதே பேச்சுதான். யார் இரண்டு புள்ளி ஏறினார்கள், யார் மூன்று புள்ளி இறங்கினார்கள் என்று.

நான் டப்ளினுக்கு வந்தது 2015 கடைசியில். 2016, 2020, 2024 என்று மூன்று பொதுத் தேர்தல்களை அருகிலிருந்து பார்த்துவிட்டேன். குடியுரிமை வந்த பிறகு, கடைசித் தேர்தலில் நானும் வாக்களித்தேன். இந்த மூன்றையும் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. இந்தக் கணிப்புகள் மக்களை ஏமாற்றுவதைவிடக் கட்சிகளைத்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. ஆனால் அதனால் வரும் நஷ்டம் மக்களுக்குத்தான்.

2016-ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்சியில் இருந்த ஃபினா கேல், பொருளாதார மீட்சி தொடரட்டும் என்று கேட்டு வாக்குச் சேகரித்தது. கடைசி நேரக் கணிப்புகள் அதற்கு 30 சதவீதம் வரை கொடுத்தன. கிடைத்தது 25.5. முந்தைய தேர்தலில் 76 இடம் வென்ற கட்சி 50-க்கு வந்தது. கூட்டணியில் இருந்த லேபர் 37-இலிருந்து 7. மீட்சி தங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை என்று நினைத்தவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருந்தார்கள்.

2020-தான் எனக்குக் கண் திறந்த தேர்தல்.

அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் உள்ளாட்சித் தேர்தல். ஷின் ஃபெய்ன் கட்சி 9.5 சதவீதம்தான் வாங்கியது. கையிலிருந்த கவுன்சில் இடங்களில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. கட்சி பயந்துபோனது. அந்தப் பயத்தில்தான் 2020 பிப்ரவரி 8-ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலுக்கு வெறும் 42 வேட்பாளர்களை நிறுத்தினார்கள். நாடாளுமன்றத்தின் கீழவையான டோலில் அப்போது 160 இடம்.

தேர்தல் பிரச்சாரம் தொடங்கியதும் காற்று மாறியது. வீட்டு வாடகை, ஓய்வூதிய வயது, மருத்துவமனைகளில் காத்திருப்பு என்று மக்கள் பேச ஆரம்பித்தார்கள். பிப்ரவரி 3-ஆம் தேதி ஐரிஷ் டைம்ஸ் கணிப்பு வந்தது: ஷின் ஃபெய்ன் 25, ஃபியானா ஃபாயில் 23, ஃபினா கேல் 20. அதுவரை அரசு தொலைக்காட்சியான ஆர்.டி.இ., கடைசி விவாதத்துக்கு ஃபியானா ஃபாயில், ஃபினா கேல் என்ற இரண்டு பெரிய கட்சிகளின் தலைவர்களை மட்டும்தான் அழைத்திருந்தது. கணிப்புகளில் ஷின் ஃபெய்ன் ஏறிய பிறகு அதன் தலைவர் மேரி லூ மெக்டொனால்டையும் அழைத்தது. ஒரு கட்சித் தலைவர் மேடையில் நிற்கலாமா கூடாதா என்பதைக் கணிப்புகள் முடிவு செய்தன என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

முடிவு வந்தபோது ஷின் ஃபெய்னுக்கு 24.5 சதவீதம். நாட்டிலேயே அதிகம். ஆனால் இடம் 37. ஃபியானா ஃபாயில் 22.2 சதவீதம் வாங்கி 38 இடம் பிடித்தது. ஷின் ஃபெய்னிடம் வாக்கு இருந்தது, ஆள் இல்லை. டப்ளின் பே நார்த் தொகுதியில் அந்தக் கட்சியின் டெனிஸ் மிட்செல் 21,344 முதல் விருப்ப வாக்கு வாங்கினார். வெற்றிக்குத் தேவையானதைவிட 9,000-க்கும் மேல் அதிகம். அங்கே அந்தக் கட்சிக்கு இரண்டாவது வேட்பாளர் கிடையாது. அந்த உபரி வாக்கெல்லாம் வேறு கட்சிக்காரர்களுக்குப் போனது.

ஒரு வருடத்துக்கு முந்தைய எண்ணை வைத்து இன்றைய ஆள் கணக்கைப் போட்டார்கள், அதற்குக் கொடுத்த விலை இது. ஃபியானா ஃபாயில், ஃபினா கேல், பசுமைக் கட்சி மூன்றும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. ஷின் ஃபெய்ன் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது.

இங்கே வாக்களிக்கும் முறையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர் என்பது இங்கே இல்லை. மூன்று, நான்கு அல்லது ஐந்து பேர். வாக்குச் சீட்டில் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் எழுத வேண்டும். நம்மூரில் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைத் தேர்தலில் போடுவது இதே மாதிரியான வாக்குதான். நான்கு இடம் உள்ள தொகுதி என்றால், செல்லத்தக்க வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்குடன் ஒரு வாக்கு சேர்ந்தால் அது கோட்டா. அதைத் தாண்டியவரின் உபரியும், கடைசியில் இருந்து வெளியேறுபவரின் வாக்கும் அடுத்த விருப்பத்துக்கு மாறும். அந்த மாற்றத்தைத்தான் இங்கே எல்லோரும் ட்ரான்ஸ்ஃபர் என்கிறார்கள். வெற்றி தோல்வி பெரும்பாலும் அங்கேதான்.

கருத்துக்கணிப்போ, முதல் விருப்பம் யாருக்கு என்ற கேள்வியைத்தான் தலைப்பில் போடுகிறது. அதுவும் நாடு முழுக்கச் சுமார் ஆயிரம் பேரிடம் கேட்டு, தெரியாது என்றவர்களை நீக்கிவிட்டு. ஆயிரம் பேர் என்றால் மூன்று புள்ளி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகலாம். 2024-இல் மூன்று பெரிய கட்சிகளும் 19-க்கும் 22-க்கும் நடுவில் நின்ற நாட்டில், யார் முன்னிலை என்று இந்த எண்ணை வைத்து எப்படிச் சொல்ல முடியும்?

என் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது ஃபிப்ஸ்பரோ, டப்ளின் சென்ட்ரல் தொகுதி. 2024 தேர்தலில் நான்கு இடத்துக்கு 13 பேர். நிழலுலகத்தோடு பல வருடம் பேசப்பட்ட ஜெரி ஹட்ச் சுயேச்சையாக நின்றார். முதல் விருப்பத்தில் சுமார் 3,100 வாக்கு வாங்கி நான்காவது இடத்தில் இருந்தார். லேபர் கட்சியின் மேரி ஷெர்லாக்குக்கு அவரைவிட 600-க்கும் மேல் குறைவு. ஆனால் ஒவ்வொருவராக வெளியேற வெளியேற, மாறிய வாக்குகள் ஷெர்லாக்கிடம் அதிகம் சேர்ந்தன. கடைசி இடம் அவருக்குத்தான். ஹட்சுக்கு 1 போடாதவர்களில் பெரும்பாலோர் அவருக்கு 5 போடக்கூட விரும்பவில்லை. நானும் அன்றைக்குப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு யோசித்து யோசித்து 6 வரை எழுதினேன். என் முதல் வாக்கு வென்றதா இல்லையா என்பதைவிட, என் நான்காவது ஐந்தாவது எண்களுக்கும் மதிப்பு இருந்தது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, 2024-க்கு வருவோம்.

2022 கோடையில் ஷின் ஃபெய்ன் கணிப்புகளில் 36 சதவீதம் வரை போனது. அடுத்த டீஷக், அதாவது பிரதமர், மேரி லூதான் என்று எல்லோரும் பேசினார்கள். கட்சியும் அதை நம்பியது என்றுதான் நினைக்கிறேன். ஆட்சிக்கு வரப்போகிறவர்கள் மாதிரி நிதானமாக, யாரையும் பயமுறுத்தாமல் பேசத் தொடங்கினார்கள். கோபத்தோடு அவர்களிடம் வந்த மக்களுக்கு அந்த நிதானம் பிடிக்கவில்லை. அதற்குள் குடியேற்றம் பெரிய பிரச்சினையாகிவிட்டது. 2023 நவம்பர் 23 இரவு குடியேற்ற எதிர்ப்புக் கலவரத்தில் டப்ளின் நடுவில் பேருந்தும் டிராமும் எரிந்தன. எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் அந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டே வேலைக்குப் போனோம். ஷின் ஃபெய்ன் இந்த விஷயத்தில் தெளிவாக ஒரு பக்கம் நிற்கவில்லை. இருபக்கமும் ஆட்கள் கழன்றார்கள். 2024 ஜூன் உள்ளாட்சித் தேர்தலில் 11.8 சதவீதம்.

அதே நேரத்தில் ஃபினா கேலுக்கு ஏறுமுகம். பிரதமராக இருந்த லியோ வரத்கர் விலகி, ஏப்ரலில் அதே கட்சியின் சைமன் ஹாரிஸ் பிரதமரானார். இளம் தலைவர், எங்கும் ஓடியாடித் தெரிந்தார். கணிப்பு 27 வரை போனது. அக்டோபர் 1-ஆம் தேதி பட்ஜெட்டில் 1,050 கோடி யூரோ அள்ளிக் கொடுத்தார்கள். குழந்தைகள் உதவித்தொகை இரட்டிப்பாக இரண்டு முறை, மின்கட்டணத்தில் கழிவு. அரசுக்கு அடுத்த மார்ச் வரை காலம் இருந்தும், நவம்பர் 8-ஆம் தேதி அவையைக் கலைத்து, 29-ஆம் தேதி தேர்தல் என்று அறிவித்தார்கள்.

27 என்ற எண் ஹாரிஸ் என்ற மனிதருக்குக் கிடைத்த வரவேற்பு. ஆனால் வாக்குச் சீட்டில் ஹாரிஸ் பெயர் அவருடைய ஒரு தொகுதியில் மட்டும்தான் இருக்கும். 2020-இல் வென்ற ஃபினா கேல் உறுப்பினர்கள் 35 பேரில் 18 பேர் மறுபடியும் நிற்கவில்லை. அயர்லாந்தில் வாக்கு என்பது பாதி கட்சிக்கு, பாதி தெரிந்த முகத்துக்கு. துக்க வீட்டுக்கு வந்தவர், சாலை விளக்குக்காகக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை ஹர்லிங் என்ற உள்ளூர் விளையாட்டு மைதானத்தில் நின்றவர். அந்தப் பதினெட்டுப் பேரோடு எத்தனை வருடப் பழக்கம் போனது என்பதை எந்தக் கணிப்பும் கேட்கவில்லை.

பிறகு கான்டர்க். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால், கார்க் மாவட்டத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில், மாற்றுத்திறனாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண் ஒருவர் ஹாரிஸிடம் தன் துறையை அரசு கைவிட்டுவிட்டது என்றார். ஹாரிஸ் அந்தப் பெண்ணின் கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்தார். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. திங்கட்கிழமை வந்த ஐரிஷ் டைம்ஸ் கணிப்பில் ஃபினா கேல் அதற்கு முந்தைய கணிப்பின் 25-இலிருந்து ஒரேயடியாக ஆறு புள்ளி இறங்கி 19. ஃபியானா ஃபாயில் 21, ஷின் ஃபெய்ன் 20. காணொளிதான் காரணம் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 27 ஆரம்பத்திலிருந்தே ஆழமில்லாத தண்ணீர்.

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு எக்ஸிட் போல்: ஷின் ஃபெய்ன் 21.1, ஃபினா கேல் 21, ஃபியானா ஃபாயில் 19.5. உண்மை முடிவு தலைகீழ். ஃபியானா ஃபாயில் 21.9, ஃபினா கேல் 20.8, ஷின் ஃபெய்ன் 19. எக்ஸிட் போலில் மூன்றாவதாக இருந்த கட்சி 174 இடங்களில் 48 வென்று முதலிடம். ஃபினா கேலுக்கு 38, அதைவிடக் குறைந்த வாக்கு வாங்கிய ஷின் ஃபெய்னுக்கு 39. வாக்கில் சுமார் ஒரு புள்ளி வித்தியாசம் உள்ள ஃபியானா ஃபாயிலுக்கும் ஃபினா கேலுக்கும் நடுவில் பத்து இடம் வித்தியாசம். இதை எந்த வாராந்திரக் கணிப்பும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. கணிப்பாளர்கள் திறமையில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கும் கேள்வி வேறு, தேர்தல் தீர்மானிக்கும் விஷயம் வேறு.

இந்த நாட்டில் எனக்குப் பிடித்த கணிப்பு ஒன்று உண்டு. மறுநாள் காலை வாக்குப் பெட்டிகளைத் திறந்து சீட்டுகளை விரிக்கும்போது, தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் எல்லாக் கட்சித் தொண்டர்களும் சாய்ந்து நின்று, பென்சிலும் தாளுமாக ஒவ்வொரு சீட்டையும் கோடு போட்டு எண்ணுவார்கள். டாலி என்று பெயர். பகலெல்லாம் சண்டை போட்ட கட்சிக்காரர்கள் அங்கே தாளைப் பகிர்ந்துகொள்வார்கள். எந்தத் தெருப் பெட்டியில் யாருக்கு எத்தனை என்று மதியத்துக்குள் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அது உண்மையான சீட்டுகளைப் பார்த்து எழுதுவது.

நஷ்டம் மக்களுக்கு என்று சொன்னேன். அந்த நவம்பர் முழுக்க வீட்டுப் பிரச்சினைதான் எல்லோர் வாயிலும். அவசரத் தங்குமிடங்களில் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், அதில் ஆயிரக்கணக்கில் குழந்தைகள். அரசில் இருந்தவர்கள், இந்த ஆண்டு கட்டி முடியும் வீடுகள் 40,000-ஐ நெருங்கும் என்று பிரச்சாரத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தேர்தல் முடிந்து ஜனவரியில் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் கணக்கு வெளியிட்டது: 30,330. பத்தாயிரம் வீடு குறைவு. 19-ஆ 21-ஆ என்று பேசிய மணி நேரங்களில் நான்கில் ஒரு பங்கை இந்த 40,000 எங்கிருந்து வருகிறது என்று கேட்கச் செலவிட்டிருந்தால், வாக்குச்சாவடிக்குப் போகும் முன் அந்தக் கேள்வியாவது எங்கள் கையில் இருந்திருக்கும். எனக்கு இதில்தான் உண்மையான கோபம்.

அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 59.7 சதவீதம். எங்கள் தெருவில் ஒரு அம்மாவின் மகன் எலக்ட்ரீஷியன். இங்கே வாடகை கட்ட முடியாமல் சிட்னி போய்விட்டான். வெளிநாட்டில் இருப்பதால் அவனால் வாக்களிக்க முடியாது, எந்தக் கணிப்பாளரும் அவனைக் கூப்பிடப் போவதில்லை. வீட்டுப் பிரச்சினை யாரை நாட்டைவிட்டே துரத்தியதோ, அவர்கள் எந்த எண்ணிலும் இல்லை.

இங்கே இருக்கும் நம் நண்பர்களுக்கு ஒன்று. குடியுரிமை வந்திருந்தால் வாக்காளர் பட்டியலில் உங்கள் விவரத்தை இப்போதே சரிபாருங்கள். குடியுரிமை இல்லாவிட்டாலும் இங்கே வசிக்கும் எல்லோரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், அடுத்தது 2029-இல். பலருக்கு இது தெரியவே தெரியாது. வேட்பாளர் கதவைத் தட்டினால் கதவைத் திறங்கள். இந்தப் பகுதியில் போன வருடம் எத்தனை வீடு கட்டி முடிந்தது என்று கேளுங்கள். பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு கையில் வந்ததும் 1 மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், உங்களுக்குப் பிடித்தவர்கள் முடியும் வரை எண் எழுதிக்கொண்டே போங்கள்.