பேன் வந்த பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பாதீர்கள்

இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், போன மாதம் ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து வந்ததும் தனக்கு மொட்டை அடித்துவிடச் சொல்லி அழுதாள். அவள் தலையில் பேன் ஊர்வதைப் பார்த்த ஆசிரியை, மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்ற கவலையில், அவளைக் கடைசி பெஞ்சில் தனியே உட்கார வைத்திருக்கிறார். ஆசிரியையின் கவலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் செய்தது பேனைத் தடுக்காது. பிள்ளையின் மனத்தைத்தான் நோகடிக்கும்.

பேன் கடிக்கும்போது அதன் உமிழ்நீரால் உண்டாகும் ஒவ்வாமையே அரிப்பு. முதன்முறையாகப் பேன் தொற்றிய பிள்ளைக்கு அந்த அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அப்படியென்றால், பிள்ளை தலையைச் சொறிவதை நாம் கவனிக்கும் நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே அவள் அதே தோழிகளோடு தலையோடு தலை ஒட்டி விளையாடிக்கொண்டுதான் இருந்திருப்பாள். இனிமேல் இடம் மாற்றி உட்கார வைத்து என்ன பயன்? பேனுக்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கி வைக்க வேண்டாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் சொல்கிறது.

பேன் பறப்பதும் இல்லை, தாவுவதும் இல்லை. ஒரு தலை இன்னொரு தலையைத் தொடும்போது ஊர்ந்து ஏறுகிறது. அழுக்கில் பிறப்பதும் இல்லை. நாள்தோறும் குளிக்கும் பிள்ளைக்கும் அது வரும். ஆகவே, ‘வீட்டில் கவனிக்க ஆளில்லையா’ என்று தாயைக் கேட்பது அநியாயம்.

மருந்து போட்டும் போகவில்லை என்று பலர் சலித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஈர்தான் காரணம். 1 சதவீதப் பெர்மெத்ரின் லோஷனைத் தடவி 10 நிமிடம் கழித்து அலசினால் உயிருள்ள பேன்கள் சாகும். ஆனால் முடியின் அடியில் பசைபோல ஒட்டியிருக்கும் ஈர் எல்லாம் சாகாது. அவை 7 முதல் 10 நாட்களுக்குள் பொரிந்துவிடும் என்பதால், புதுக் குஞ்சுகள் வளர்ந்து மறுபடி ஈர் வைப்பதற்கு முன், ஒன்பதாம் நாள் வாக்கில் இரண்டாம் முறை மருந்து போட வேண்டும். இதைத் தவறவிட்டால் முதல் முறை பட்ட பாடு வீண். வீட்டில் எல்லார் தலையையும் முதல் முறை மருந்து போடும் அன்றே பார்த்துவிட வேண்டும். மண்ணெண்ணெய், பூச்சிக்கொல்லி, சீத்தாப்பழ விதைப்பொடி ஆகியவற்றைத் தயவுசெய்து பிள்ளையின் தலையருகே கொண்டுபோகாதீர்கள். சீத்தா விதை கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணானவர்கள் உண்டு, மண்ணெண்ணெய் தீப்பற்றும்.

தலைமுடியை நனைத்து, சிக்கெடுத்து, வகிடு வகிடாகப் பிரித்துப் பேன்சீப்பால் வேரிலிருந்து நுனி வரை வாருவதற்கு ஈடு இல்லை. பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்காகச் செய்தது இதைத்தான். வீட்டை மருந்தடித்துக் கழுவத் தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்கு மேல் பிழைக்காது. தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்து, சீப்பை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னி அனுப்பி, ஞாயிறுதோறும் தலை பார்த்தால் போதும்.

என் மகளுக்கு ஒன்பதாம் நாள் மறுபடி மருந்து போட்டோம். மூன்று நாளுக்கு ஒரு முறை வாரிவிடுகிறேன். கடந்த இரண்டு வாரமாக வெள்ளைத் துணியில் ஒரு பேன்கூட விழவில்லை. ஆனாலும் அவள் இன்னும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக் காலை தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன்.