மறுபடியும் 80 டிகிரி!

அறையின் சூட்டைப் பார்த்து பாய்லரை ஓடவிட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைப் புதிதாக மாட்ட வந்தவர் போன பிறகு பாய்லரைப் பார்க்கிறேன், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் 80 டிகிரி! நான் 55ல் வைத்திருந்தேன். போன குளிர்காலம் சர்வீஸுக்கு வந்தவரும் இதையேதான் செய்தார். ஏன் தொடுகிறீர்கள்?

எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர் வந்தது பதினொன்றரைக்கு. நான் லீவு போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எங்கே மாட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழையது இருந்த அதே இடத்தில், வாசல் நடையில், ரேடியேட்டருக்கு நேர் மேலே மாட்டினார். அங்கேதான் முதலில் சூடு ஏறும். உடனே பாய்லர் நின்றுவிடும். முன்னறையில் அம்மா இரண்டு ஸ்வெட்டரோடு நடுங்குவார். சொன்னேன். "எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்றார். தேவைக்கேற்பத் தண்ணீரின் சூட்டைக் கூட்டிக் குறைக்க இந்த பாய்லருக்குள்ளேயே தனி இணைப்பு இருக்கிறது என்று கையேட்டைத் திறந்து நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் ஆன், ஆஃப் வயரில் சொருகினார். கிளம்பும்போது போகிற போக்கில் பாய்லரின் சூட்டுக் குமிழ்கள் இரண்டையும் கடைசிவரை திருப்பிவிட்டார். "அப்போதுதான் சீக்கிரம் சூடாகும்." இருபது நிமிட வேலைக்கு முழுக் காசு!

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005லிருந்து புது கேஸ் பாய்லர் என்றால் பெரும்பாலும் கண்டென்சிங் பாய்லர்தான். புகையில் இருக்கும் நீராவி தண்ணீராக மாறும்போது விடுகிற சூட்டையும் அது பிடித்துக்கொள்ளும். அதற்கு, ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 80ல் அனுப்பினால் 60க்கு மேல்தான் திரும்பும். பிடிக்க வேண்டிய சூடு புகைக்குழாய் வழியே தெருவுக்குப் போகிறது. பில் எனக்கு வருகிறது. குழாய்த் தண்ணீரையும் ரேடியேட்டர் தண்ணீரையும் சேர்த்தே சூடாக்கும் புது காம்பி பாய்லர் வைத்தால் கூடவே ஏதாவது ஒரு சிக்கன ஏற்பாடும் வைக்க வேண்டும் என்று 2018ல் இங்கிலாந்தில் விதியே கொண்டு வந்தார்கள். இவர்களோ இருக்கிற வசதியைக்கூட இணைக்க மாட்டேன் என்கிறார்கள். குழாய்த் தண்ணீருக்குத் தனிக் குமிழ் இருக்கிறது, ரேடியேட்டருக்குத் தனிக் குமிழ் இருக்கிறது. இரண்டையும் கடைசிவரை திருப்புவதற்கு எதற்கய்யா ஒரு ஆள்?

சரி, நானே 55க்கு இறக்கினேன். அப்புறம் வாசலுக்கு வந்தால் தரையில் ஒரு சீட்டு கிடக்கிறது. பார்சல் கொண்டு வந்தார்களாம், வீட்டில் யாரும் இல்லையாம். நாள் முழுக்க இங்கேதானே இருந்தேன், பெல்லை ஒரு தடவை அழுத்தினால் என்ன?